விட்டன்பர்க் திருமணமும் அதன் அழைப்புக் கடிதங்களும்

திருமணம் இருவருடைய இசைவினால் உண்டாகிறது என்பது திருச்சபை நெடுங்காலமாகக் கற்பித்து வந்துள்ள கொள்கை. ஆயினும் அவ்விருவருக்கு மட்டுமே உரியதா திருமணம்? பெற்றோருக்கும் உற்றாருக்கும் நண்பருக்கும் ஊராருக்கும் அதில் பங்கு உண்டா? உண்டெனில், அது விருந்துண்டு வாழ்த்திச் செல்லும் பங்கு மட்டுந்தானா? இவ்வினாக்களுக்குச் சீர்திருத்தக் காலத் திருச்சபை ஏடுகளில் மட்டுமன்றி வாழ்க்கையிலும் விடை தேட வேண்டியதாயிற்று.

சீர்திருத்த வரலாற்றைப் பயிலும் நாம் 1517ஆம் ஆண்டின் தொண்ணூற்றைந்து கூற்றுகளையும், 1521ஆம் ஆண்டின் வோர்ம்ஸ் பேரவையையும் கருத்தூன்றிக் கற்கிறோம். 1525ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மார்ட்டின் லுத்தர் தம் நண்பர்களுக்கு எழுதிய திருமண அழைப்புகளையோ, பெரிய மனிதர் ஒருவரின் நகைச்சுவைக்குச் சான்று என்ற அளவில் படித்துவிட்டு அப்பால் செல்கிறோம். அவ்வழைப்புகள் திருச்சபையின் திருமணக் கோட்பாட்டு வரலாற்றில் இடம்பெறத்தக்க சான்றுகள் என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முற்படும் கருத்தாகும்.

மறைவான மணங்களின் சிக்கல்

இடைக்கால மேலைத் திருச்சபையில், குறிப்பாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் போப்பாண்டவர் மூன்றாம் அலெக்சாண்டரின் தீர்ப்புகளுக்குப் பின், ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் ஏற்பதாக நிகழ்கால வாய்மொழியால் கூறிவிட்டால் அது மெய்யான திருமணம் என்னும் நிலை உறுதிப்பட்டது. குருவானவரின் ஆசியோ, பெற்றோரின் ஒப்புதலோ, சாட்சிகளோ இன்றியும் அம்மணம் செல்லும். இக்கொள்கையில் ஒரு மேன்மை உண்டு. பிறருடைய கட்டாயத்தால் எவரும் மணமகனாகவோ மணமகளாகவோ ஆக்கப்படலாகாது என்பதை அது காத்தது.

ஆனால் அதிலிருந்தே ஓர் இடர்ப்பாடும் பிறந்தது. தனியிடத்தில் ஒருவன் ஒருத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் அதை மறுத்தால் அவளுக்காகப் பேச யார் உளர்? 1215ஆம் ஆண்டில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் மறைவான மணங்களைத் தடைசெய்து, நடக்கவிருக்கும் திருமணத்தைக் கோயிலில் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. எனினும் விதியை மீறி மறைவில் நடந்த மணம் செல்லாது என்று அச்சங்கம் கூறவில்லை. ஆகவே வழக்குகள் தொடர்ந்தன. கைவிடப்பட்ட பெண்களின் கண்ணீரும் தொடர்ந்தது. பங்குக் குருவின் முன்னிலையும் சாட்சிகளும் இல்லாத மணம் செல்லாது என்று ரோமத் திருச்சபை திரெந்து சங்கத்தின் வாயிலாக ஆணையிட்டது 1563ஆம் ஆண்டில்தான். லுத்தரின் திருமணம் நடந்த காலத்தில் இச்சிக்கல் தீர்வின்றியே இருந்தது.

மணமகளின் வருகை

கத்தரீனா வான் போரா 1499ஆம் ஆண்டில் சாக்சனியின் எளிய உயர்குடி ஒன்றில் பிறந்தவர்; கிரிம்மா நகரையடுத்த நிம்ப்ஷன் கன்னியர் மடத்தில் துறவியாக இருந்தவர். 1523ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் திருநாளையொட்டிய இரவில் அவரும் வேறு பதினொரு கன்னியரும் அம்மடத்தை விட்டு வெளியேறினர். மடத்துக்குச் சரக்கு கொண்டுசெல்லும் டோர்கவ் நகர வணிகர் லியோனார்டு கோப்பெ தம் வண்டியில் அவர்களை ஏற்றிவந்தார். மீன் பீப்பாய்களுக்குள் ஒளிந்து வந்தனர் என்பது பிற்காலத்தில் வழங்கிய கதை. மூவர் தம் குடும்பத்தாரிடம் சென்றனர். எஞ்சிய ஒன்பதின்மர் விட்டன்பர்க் வந்தடைந்தனர்.

அவர்களுக்கு வாழ்வு அமைத்துத் தருவது லுத்தரின் பொறுப்பாயிற்று. பலருக்குத் திருமணமோ புகலிடமோ கிடைத்தது. கத்தரீனா முதலில் ரைக்கன்பாக் என்பவரின் இல்லத்திலும், பின்னர் ஓவியர் லூக்காஸ் கிரானாக்கின் இல்லத்திலும் தங்கியிருந்தார். நூரன்பர்க் நகரத்து இளைஞர் ஹியரோனிமுஸ் பௌம்கார்ட்னர் அவரை விரும்பியும், அவ்விணைப்பு நிறைவேறவில்லை. காஸ்பர் கிளாட்ஸ் என்னும் போதகரை மணக்கக் கத்தரீனா மறுத்தார். ஆம்ஸ்டார்ஃபையாவது லுத்தரையாவது மணக்க இசைவதாக அவர் ஆம்ஸ்டார்ஃபிடமே தெரிவித்தார். மடத்தை விட்டு வந்த பெண், தந்தையின் வீட்டுத் துணையின்றி, தன் மனத்தைத் தானே எடுத்துரைத்தார் என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். இசைவு என்பது அவரைப் பொறுத்தவரை வெறும் சட்டச்சொல் அன்று.

லுத்தரின் தந்தை ஹான்ஸ் தம் மகன் மணம்புரிய வேண்டும் என்று நெடுநாளாக விரும்பியவர். 1505ஆம் ஆண்டில் மகன் துறவியர் மடம் புகுந்தபோது அவர் கொண்ட சினத்தை நாம் அறிவோம். 1521ஆம் ஆண்டில் துறவு வாக்குகளைப் பற்றி எழுதிய நூலை லுத்தர் தம் தந்தைக்கே படைத்தார். 1525ஆம் ஆண்டு வசந்த காலத்தில் மான்ஸ்ஃபெல்ட் பகுதிக்குச் சென்றுவந்தபின் அவருடைய எண்ணம் திருமணத்தின்பால் திரும்பியது.

ஜூன் 13: சிறு கூட்டம்

காலமோ மிகக் கொடியது. விவசாயிகளின் எழுச்சி ஜெர்மானிய நாடுகளைக் கலக்கியது. மே 5ஆம் நாள் கோமகன் ஞானி பிரடெரிக் காலமானார். மே 15ஆம் நாள் ஃபிராங்கன்ஹௌசன் களத்தில் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அம்மாதம் 27ஆம் நாள் தோமாஸ் முன்ட்ஸர் கொல்லப்பட்டார். விவசாயிகளுக்கு எதிராக லுத்தர் எழுதிய கடுஞ்சொற்கள் அவருடைய நண்பர் பலரையும் புண்படுத்தியிருந்தன.

இச்சூழலில் ஜூன் 13ஆம் நாள் செவ்வாய்க்கிழமை மாலை, அகுஸ்தீனியரின் கருப்பு மடத்தில், 41 வயதான லுத்தரும் 26 வயதான கத்தரீனாவும் மணவாக்கு உரைத்தனர். நகரப் போதகர் புகன்ஹாகன், யுஸ்துஸ் யோனாஸ், சட்ட அறிஞர் யோஹான் ஆப்பல், கிரானாக்கும் அவர் மனைவி பார்பராவும் ஆகிய ஐவரே உடனிருந்தனர். கிரானாக் தம்பதியர் மணமகள் வீட்டார் நிலையில் நின்றனர் எனலாம். மணமக்களைச் சாட்சிகளின் முன் சிறிது நேரம் மணமஞ்சத்தில் இருத்துவது அந்நாட்டு வழக்கம். அதைக் கண்டபோது தம்மால் கண்ணீரை அடக்க இயலவில்லை என்று யோனாஸ் மறுநாளே ஸ்பலாத்தீனுக்கு எழுதினார்.

ஏன் இத்துணை விரைவு? ஏன் இவ்வளவு சிறு கூட்டம்? தீய நாவுகள் தடைசெய்யுமுன் செய்து முடிக்க விரும்பியதாக லுத்தரே கூறுகிறார். அவரது காரணத்தை நாம் புரிந்துகொள்ளலாம். ஆனால் அதனால் நேர்ந்த காயத்தையும் மறைத்தலாகாது. அவருடைய உற்ற துணைவரான மெலாங்தனுக்கு அச்செய்தி முன்னதாகச் சொல்லப்படவில்லை. ஜூன் 16ஆம் நாள் அவர் தம் நண்பர் கமெராரியுசுக்குக் கிரேக்க மொழியில் எழுதிய கடிதத்தில், நண்பர் எவருக்கும் கூறாமல் லுத்தர் இதைச் செய்ததையும், நாடு துயருறும் வேளையைத் தேர்ந்ததையும் குறித்து வருந்துகிறார். எனினும் திருமணம் தூய நிலை என்பதை அவர் மறுக்கவில்லை. அது நண்பரின் இயல்பை மென்மைப்படுத்தும் என்றும் நம்புகிறார். ஒரு திருமணச் செய்தி யாரிடம் முதலில் சொல்லப்படுகிறது, யாருக்குச் சொல்லாமல் விடப்படுகிறது என்பது எத்துணை ஆழமாக நட்பைத் தொடுகிறது என்பதற்கு இக்கடிதம் சான்று.

இரு வாரங்களின் கடிதங்கள்

ஜூன் 13ஆம் நாளுடன் லுத்தர் நின்றுவிட்டிருந்தால் அவருடைய மணம் சட்டப்படி முழுமையுடையதாகவே இருந்திருக்கும். சாட்சிகள் இருந்தனர், போதகர் இருந்தார். ஆனால் அவர் நிற்கவில்லை. அடுத்த இரு வாரங்களில் கடிதங்கள் பல புறப்பட்டன.

ஜூன் 15ஆம் நாள் மான்ஸ்ஃபெல்ட் நண்பர்களான ரூல், தூர், முல்லர் ஆகியோருக்கு எழுதுகிறார். தம்மீது எழுந்துள்ள கூக்குரலைக் குறிப்பிட்டு, தாம் மணம்புரிந்ததை அறிவித்து, தம் தந்தை தாயருடன் அவர்களும் வர வேண்டும் என்ற விருப்பத்தைத் தெரிவிக்கிறார். ஆனால் நாட்டின் நிலையை எண்ணி, வந்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தத் துணியவில்லை என்கிறார். விருந்தினரின் வழியச்சத்தைத் தம் மகிழ்ச்சியைவிடப் பெரிதாக மதிக்கும் அழைப்பு இது.

அரசவையின் அதிகாரி ஹான்ஸ் ஃபான் டோல்ட்சிக்கிடம் விருந்துக்கு வேட்டை இறைச்சி கேட்கிறார். அவரும் நேரில் வந்து அம்மகிழ்ச்சிக்கு முத்திரையிட உதவ வேண்டும் என்கிறார். கத்தரீனாவை மடத்திலிருந்து ஏற்றிவந்த அதே கோப்பெயிடம் டோர்கவ் நகரத்து நல்ல பீர் ஒரு பீப்பாய் வாங்கிவரும்படி கேட்டு, அது நன்றாயிராவிட்டால் அதை அவர் ஒருவரே குடித்துத் தீர்க்கும் தண்டனை பெறுவார் என்று வேடிக்கை செய்கிறார். ஆம்ஸ்டார்ஃபுக்கு ஜூன் 21ஆம் நாள் எழுதிய கடிதத்தில் மட்டும் குரல் மாறுகிறது. தந்தையின் விருப்பத்துக்குக் கீழ்ப்படிந்ததையும், தாம் போதித்ததைச் செயலால் உறுதிப்படுத்தியதையும், காதல் வெறி கொண்டவராக அன்றித் தம் மனைவியைப் பேணி மதிப்பவராகத் தாம் இருப்பதையும் அதில் கூறுகிறார்.

இக்கடிதங்களை ஒன்றாக வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. பீரும் இறைச்சியும் பயணமும் பற்றிய சிறு ஏற்பாடுகளே இவற்றில் மிகுதி. ஆனால் அவ்வேற்பாடுகளின் வழியே ஒவ்வொருவரும் சாட்சியாக்கப்படுகின்றனர். முத்திரை என்ற சொல் வேடிக்கையாகவே சொல்லப்பட்டிருக்கலாம். எனினும் முத்திரையில்லாத ஆவணம் எளிதில் மறுக்கப்படும் என்பதை அக்கால மக்கள் நன்கு அறிந்திருந்தனர்.

ஜூன் 27: ஊரறிந்த மணம்

ஜூன் 27ஆம் நாள் செவ்வாய்க்கிழமை மணமக்கள் கோயில் மணி ஒலிக்கத் தெருவழியே நகரக் கோயிலுக்குச் சென்றனர். பின்னர் கருப்பு மடத்தில் விருந்து நடந்தது. மான்ஸ்ஃபெல்டிலிருந்து ஹான்ஸும் மார்கரேத்தாவும் வந்திருந்தனர். இருபது ஆண்டுகளுக்குமுன் மடம் புகுந்த மகனை, அதே துறவறச் சபையின் மடமொன்றில், மணமகனாக அவர்கள் கண்டனர். பல்கலைக்கழகம் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணம் ஒன்றைப் பரிசளித்தது.

இவ்வூர்வலத்தைத் தற்பெருமை என்று கூறுவோர் அன்றைய ஏளனத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். துறவியும் கன்னியும் மணப்பது திருச்சபைச் சட்டப்படி பெருங்குற்றம். அத்தகையோரின் பிள்ளை அந்திக்கிறிஸ்துவாகும் என்ற பழம்பேச்சும் ஊரெங்கும் உலவியது. மணம் நடந்த சில நாட்களிலேயே கத்தரீனா குழந்தை பெற்றதாக வதந்தி கிளம்பியது. பேரறிஞர் எராஸ்முஸே அதை நம்பி எழுதி, 1526ஆம் ஆண்டில் அது பொய் எனத் திருத்திக் கொண்டார். மூத்த மகன் ஹான்ஸ் பிறந்தது 1526ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள்தான். இவ்வதந்தியின் முழுச்சுமையும் யார்மேல் விழுந்திருக்கும்? லுத்தருக்குப் பேராசிரியர் பதவியும் புகழும் அரணாயிருந்தன. மடத்தை விட்டு வந்த பெண்ணுக்கோ தன் மணம் ஊரறிந்த மணம் என்பதே அரண்.

மறைக்கப்பட்ட இரு மணங்கள்

அதே தலைமுறையின் வேறு இருவரை ஒப்புநோக்கினால் இது மேலும் தெளிவாகும். சூரிக் நகரத்துச் சீர்திருத்தர் உல்ரிக் சுவிங்லி 1522ஆம் ஆண்டிலேயே அன்னா ரைன்ஹார்ட் என்னும் கைம்பெண்ணை மறைவாக மணந்தார். அதே ஆண்டில் குருக்களுக்குத் திருமண உரிமை வேண்டிக் கொன்ஸ்டான்ஸ் ஆயருக்குச் சென்ற விண்ணப்பத்திலும் கையொப்பமிட்டார். ஆனால் கோயிலில் வெளிப்படையாக மணவிழா நடந்தது 1524ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள்தான். இடைப்பட்ட காலத்தில் அன்னா நெருங்கியோருக்கு மனைவி; ஊராருக்கோ பேச்சுக்குரிய பெண். ஜூலை மாத இறுதியில் முதற்குழந்தை பிறந்தது.

இங்கிலாந்தின் தோமாஸ் கிரான்மர் 1532ஆம் ஆண்டில் நூரன்பர்க் நகரில் ஒசியாண்டரின் உறவினரான மார்கரேத்தை மணந்தார். அடுத்த ஆண்டு அவர் கான்டர்பரிப் பேராயரானார். எட்டாம் ஹென்றி மன்னரின் சட்டமோ குருக்களின் மணத்தை ஏற்கவில்லை. பொதுவிடங்களில் மார்கரேத் தோன்ற இயலவில்லை. 1539ஆம் ஆண்டின் ஆறு விதிச் சட்டம் வந்தபோது கிரான்மர் அவரை ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார். மன்னர் 1547ஆம் ஆண்டில் இறந்தபின்னரே அவர் பேராயரின் மனைவியாக வெளிப்பட முடிந்தது. காற்றுத்துளையிட்ட பெட்டியில் அவரை எடுத்துச் சென்றனர் என்று பகைவர் கட்டிய கதை மெய்யன்று. ஆனால் மறைக்கப்பட்ட மனைவி எத்தகைய நகைப்புக்கு ஆளாவாள் என்பதை அக்கதை காட்டுகிறது.

இவ்விருவரையும் நாம் குறைகூற வரவில்லை. அவர்கள் நின்ற நிலை இடர் நிறைந்தது. கிரான்மர் உயிருக்கே அஞ்ச வேண்டியிருந்தது. ஆனால் மறைப்பின் விலையைப் பெரிதும் கொடுத்தவர்கள் அன்னாவும் மார்கரேத்துமே. விட்டன்பர்க்கில் இரு வாரங்களில் முடிந்த இடைவெளி சூரிக்கில் ஈராண்டுகளாகவும் இங்கிலாந்தில் பதினைந்து ஆண்டுகளாகவும் நீண்டது.

வாழ்விலிருந்து ஒழுங்குமுறைக்கு

1529ஆம் ஆண்டில் எளிய போதகர்களுக்கென லுத்தர் சிறு திருமண நூல் ஒன்றை எழுதினார். ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் மணவழக்கங்கள் உண்டு. அவற்றைக் குருக்கள் ஆளத் தேவையில்லை. ஆசி கேட்போருக்கு அதை வழங்குவதே அவர்கள் கடன் என்று அதன் முன்னுரையில் கூறுகிறார். பின்னர் மூன்று படிகளை அமைக்கிறார். முதலாவது, பிரசங்க பீடத்திலிருந்து அறிவித்து, சபையாரின் செபத்தைக் கேட்பதும், தடையுண்டேல் உரைக்கும்படி அழைப்பதும். இரண்டாவது, கோயில் வாயிலில் இருவரும் இசைவு கூறி மோதிரம் மாற்றுவது. மூன்றாவது, பலிபீடத்தின் முன் திருமறை வாசித்து ஆசி கூறுவது. தெருவும் வாயிலும் பீடமும் இதில் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. பெற்றோர் அறியாத மறைவான மணஒப்பந்தங்களை அவர் 1524, 1530ஆம் ஆண்டுகளின் நூல்களிலும், 1544ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விட்டன்பர்க் பிரசங்க பீடத்திலும் கண்டித்தார். அதே வேளையில், பெற்றோர் பிள்ளைகளை மணத்துக்குக் கட்டாயப்படுத்தலாகாது என்பதையும் 1524ஆம் ஆண்டின் நூலில் இணைத்தே கூறினார். இசைவும் அறிவிப்பும் ஒன்றையொன்று காக்கும் இரு கைகள் என்பதே அவர் போதனை.

1542ஆம் ஆண்டில் லுத்தர் எழுதிய விருப்ப ஆவணத்தில் கத்தரீனாவையே தம் உடைமைக்கு உரியவராக்கினார். கைம்பெண்ணுக்குப் பாதுகாவலர் ஒருவரை விதித்த சாக்சனியச் சட்டத்துக்கு இது மாறானது. அவ்வாவணத்தில் சாட்சிகளாகக் கையொப்பமிட்ட மூவருள் புகன்ஹாகனும் மெலாங்தனும் உளர். ஜூன் 13ஆம் நாள் அழைக்கப்பட்டவரும் அழைக்கப்படாதவரும் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் அப்பெண்ணுக்காக ஒரே தாளில் பெயர் பொறித்தனர். 1546ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் லுத்தர் இறந்தபின், அரசவையில் எதிர்ப்பு எழுந்தபோதும் கோமகன் அவ்வாவணத்தை உறுதிப்படுத்தினார். ஆயினும் போரும் கொள்ளைநோயும் கத்தரீனாவை அலைக்கழித்தன. 1552ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் அவர் டோர்கவ் நகரில் காலமானார். சாட்சிகள் துன்பத்தைத் தடுத்துவிட முடியாது. ஆனால் அவர் லுத்தரின் மனைவி என்பதை ஒருவரும் ஐயுறவில்லை.

நமக்குரிய பொறுப்பு

இவ்வரலாறு நம் போதக ஊழியத்துக்கு உணர்த்துவது யாது? நம் சபைகள் பலவற்றில் ஓலை வாசித்தல் என்று வழங்கும் திருமண அறிவிப்பு, ஆராதனையின் இறுதியில் விரைந்து படித்து முடிக்கப்படும் பகுதியாகிவிட்டது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும், சில விதிவிலக்குகளுடன், காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் திருமணம் நடைபெற வேண்டும் என்று விதித்துச் சாட்சிகளையும் கேட்கிறது. பகலொளியையும் அயலாரின் கண்களையும் சட்டம் நாடுவது மறைவில் நலிவோரை எண்ணியே என்பதை நாம் மணமக்களுக்கு விளக்கிக் கூறுகிறோமா?

மேலும், அறிவித்தல் என்பது ஆடம்பரம் அன்று. கடன்பட்டு ஆயிரவருக்கு விருந்திடும் திருமணத்தில் ஒருவரும் மெய்யான சாட்சியாக இல்லாமற் போகலாம். ஐவர் முன்னிலையில் தொடங்கி, நண்பரைப் பெயர் சொல்லி அழைத்து, வர இயலாதோரின் நிலையையும் எண்ணிய விட்டன்பர்க் திருமணத்தில் ஒவ்வொரு விருந்தினரும் ஒரு பொறுப்பை ஏற்றார். திருமண ஆயத்த வகுப்பில் அழைப்பிதழைப் பற்றியும் நாம் பேசலாம். இவ்விணைவில் இடர் வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள், அவர்கள் பெயர் உங்கள் பட்டியலில் உண்டா என்று கேட்கலாம். உறவினர் கைவிட்ட மணமகளுக்குக் கிரானாக் இல்லம் போன்ற ஓர் இல்லத்தைச் சபையில் தேடித் தரலாம்.

கானாவூர்க் கலியாணத்துக்கு நம் ஆண்டவரும் அவருடைய சீடரும் அழைக்கப்பட்டிருந்தனர் என்று யோவான் நற்செய்தியாளர் குறித்து வைத்துள்ளார். அவ்வீட்டில் குறைவு நேர்ந்தபோது அதை முதலில் கண்டுணர்ந்தவர் அங்கு வந்திருந்த ஒரு தாய். அழைக்கப்பட்டோர் உடனிருந்ததால் குறைவு வெளிப்பட்டது, வெளிப்பட்டதால் நிறைவாயிற்று. நம் சபைகளில் மணம்புரியும் ஒவ்வோர் இணையருக்கும் அத்தகைய உடனிருப்போரைப் பெற்றுத் தருவது போதகர்களாகிய நம் கடனாகும்.